மேடையேறிய வாலை

தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இந்த வீட்டு வாலை, பார்வைக்கு மின்சார ரைஸ் குக்கர்தான். நாலு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம், அடியில் எலிமென்ட், மேலே தொப்பிபோல் கனத்த மூடி. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் வேறு ஜாதி என்று தெரியும். உள்ளே ஒரு ஃபேன், அதைச் சுற்றிச் சுருளாக வளைத்த எவர்சில்வர் குழாய், குழாயைத் தொட்டபடி வரிசையாக அலுமினியத் தகடுகள். குழாயின் ஒரு முனை பாத்திரத்தின் ஆவியைப் பார்த்திருக்கும். மறுமுனை முன்பக்கம் மூக்காக நீண்டு, கீழே வைத்த கண்ணாடி ஜாரைப் பார்த்திருக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் நாலு மணி நேரத்தில் ஜார் நிறையும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் ஒன்று, இரண்டு என்று காட்டும். சில நேரம் சுழியம்.

இதில் புதிதாக இருப்பவை பிளக்கும் ஃபேனும் மட்டுமே. மற்றதெல்லாம் ஆயிரத்து எழுநூறு வருடப் பழசு. மேல் எகிப்தின் பனோபோலிஸ் ஊர்க்காரரான ஜோசிமஸ், கி.பி. 300ஐ ஒட்டி எழுதிய ரசவாதக் குறிப்புகளில், மரியா என்ற யூதப் பெண் வடிவமைத்த மூன்று மூக்கு வாலையைப் பற்றிச் சொல்கிறார். கீழே சூடாகும் கலம், மேலே ஆவி பிடிக்கும் தலை, தலையிலிருந்து இறங்கும் குழாய்கள், முனையில் குடுவைகள். இன்றைய சாமானில் குழாய் மூன்றுக்குப் பதில் ஒன்றானது, செம்பு எவர்சில்வரானது. எகிப்திலிருந்து வாலை அரபு மருத்துவர்களிடம் போய், அவர்கள் கையில் பன்னீரும் அத்தரும் வடித்தது. நம் சித்த மருத்துவத்திலும் வாலை இயந்திரத்துக்குத் தனி இடம் உண்டு. தீநீர்கள் இறங்குவது அதில்தான். வயிற்றுப் பொருமலுக்குக் குழந்தைக்கு ஓம வாட்டர் கொடுத்து வளர்த்த வீடுகள் எல்லாம், பெயர் தெரியாமலே வாலையின் வாடிக்கையாளர்கள்தான்.

அந்தக் காலம் முழுக்க வாலை வேலை செய்தது விலை போகும் சரக்குக்காக. மணம், மருந்து, சாராயம். வெறும் தண்ணீரை அதில் வடித்து எடுக்க யாருக்கும் தேவை வரவில்லை. கிணறு இருக்கிற ஊரில் அந்தக் கிறுக்குத்தனத்தை யார் செய்வார்கள்? தண்ணீருக்காகவே தண்ணீரைக் காய்ச்ச வேண்டிய நெருக்கடி கடலில்தான் வந்தது.

கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்தால் உப்பு திரும்பி வருவதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். மாலுமிகள் கடல்நீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் கடற்பஞ்சைத் தொங்கவிட்டுப் பிழிந்து குடித்ததாக அவருக்குப் பின்வந்த கிரேக்க எழுத்துகளில் வருகிறது. ஆனால் பெரிய கப்பல்கள் மாதக்கணக்கில் கரை காணாமல் போகத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தீவிரமாயிற்று. 1593இல் தென்கடலுக்குப் புறப்பட்ட ஆங்கிலேயர் ரிச்சர்ட் ஹாக்கின்ஸ், நாலே நாலு விறகுக் கட்டைகளில் ஒரு பெரிய பீப்பாய்த் தண்ணீர் வடித்ததாகப் பெருமையாக எழுதினார். பழைய பெரிய பீப்பாய் சுமார் 240 லிட்டர். கணக்குப் போட்டால், ஒரு துளிச் சூடும் வீணாகாமல் எரித்தாலே காய்ந்த விறகு 40 கிலோ வேண்டும். திறந்த அடுப்பில் அதைப்போல் பல மடங்கு. கட்டைகள் ரொம்பப் பெரியவையாக இருந்திருக்க வேண்டும், அல்லது பீப்பாய் சிறியதாக.

அடுத்த நூற்றைம்பது வருடம் ஒரு வேடிக்கையான குழப்பம். கடல்நீரை வெறுமனே காய்ச்சினால் போதாது, அதில் ஏதாவது மருந்து போட்டால்தான் நல்ல தண்ணீர் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1683இல் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் தன் முறைக்கு உரிமை வாங்கினார். விஞ்ஞானி ராபர்ட் பாயிலே அவருக்கு ஆதரவு. ஆளாளுக்கு ஒரு ரகசியப் பொடி. எலுமிச்சையால் ஸ்கர்வி தீரும் என்று சோதித்துக் காட்டிய ஜேம்ஸ் லிண்ட்தான் 1760களின் தொடக்கத்தில் இதையும் தீர்த்து வைத்தார். பொடியே வேண்டாம், காய்ச்சு, ஆவியைக் குளிரவை, அவ்வளவுதான். வாலை இல்லாத கப்பலில் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது: தேநீர்க் கெண்டியைப் பானைமேல் கவிழ்த்து, துப்பாக்கிக் குழலைச் செருகி, அதைத் தண்ணீர்ப் பீப்பாய் வழியாக விடு. சுடுவதற்காகச் செய்த குழல் குளிர்விக்கிற குழாயாகிவிடும்.

லிண்டுக்குக் காசு கிடைக்கவில்லை. காசு வாங்கியவர் சார்லஸ் இர்விங். கப்பல் சமையலறையின் பெரிய கொப்பரையிலேயே அகலமான குழாயைப் பொருத்தி, அந்தக் குழாயை ஈரத் துடைப்பத்தால் விடாமல் துடைத்துக் குளிரவைக்கும் ஏற்பாட்டை அவர் செய்தார். 1772இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கு 5,000 பவுன் வழங்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சொத்து. அதே வருடம் கடலோடி ஜேம்ஸ் குக் தன் இரண்டாம் பயணத்தில் இந்த ஏற்பாட்டை எடுத்துப் போனார். குக் எழுதிய மதிப்பீடு நிதானமானது: பயனுள்ள கருவிதான், ஆனால் இதை மட்டுமே நம்பிப் போகாதீர்கள், விறகு தாராளமாக இருந்தால் உயிர் பிழைக்கத் தண்ணீர் கிடைக்கும், உடம்பு நன்றாக இருக்கும் அளவுக்குக் கிடைக்காது. கருவியை விற்பவரின் பேச்சையும் பயன்படுத்துபவரின் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடம் கழித்துப் பொடி வியாபாரம் அமெரிக்காவில் மறுபடி தலைதூக்கியது. நியூபோர்ட் நகரத்து ஜேக்கப் ஐசக்ஸ், கடல்நீரை நன்னீராக்கும் ரகசியக் கலவை தன்னிடம் இருப்பதாகவும் அரசு அதற்குச் சன்மானம் தர வேண்டும் என்றும் மனுப்போட்டார். மனு வெளியுறவுச் செயலாளரிடம் வந்தது. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். வேறு ஆளாக இருந்தால் கோப்பு நகர்ந்திருக்கும். ஜெஃபர்சன் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு, 1791 மார்ச்சில் பிலடெல்பியாவில் ஐசக்ஸை வைத்துக்கொண்டே சோதனை நடத்தினார். ஒரு முறை கலவையோடு, ஒரு முறை கலவை இல்லாமல். கலவையால் எந்த லாபமும் தென்படவில்லை. வந்த தண்ணீரெல்லாம் வாலையின் புண்ணியம். அந்த நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் ஒரு யோசனையும் இருந்தது: துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு கப்பலுக்கும் கொடுக்கிற அனுமதித் தாளின் பின்பக்கத்தில், கப்பலிலேயே இருக்கும் பானை பாத்திரங்களை வைத்து நன்னீர் வடிப்பது எப்படி என்று அச்சடித்துக் கொடுத்துவிடலாம், ரகசியத்துக்கு ஏன் காசு? அரசாங்கத் தாளின் முதுகுக்கு இவ்வளவு நல்ல உபயோகம் யோசித்த அமைச்சர்கள் குறைவு.

லிண்ட் பொடியை விரட்டிய அதே சமயத்தில், கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இன்னொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கொதிக்கிற தண்ணீருக்கு எவ்வளவுதான் தீ வைத்தாலும் அதன் சூடு ஏறுவதில்லை. கொடுத்த வெப்பம் எல்லாம் எங்கோ ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த இடம் ஆவி. பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். குக்கின் விறகுக் கவலைக்குக் காரணம் இங்கே இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 290 கிலோஜூல் போதும். அங்கிருந்து அதை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல். காபிக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பது ஒரு செலவே இல்லை. கொதித்ததை வற்றவிடுவதுதான் செலவு. அவ்வளவு வெப்பத்தையும் ஆவி தூக்கிக்கொண்டு போய், குளிரும் இடத்தில் அப்படியே இறக்கி வைத்துவிடுகிறது. இர்விங்கின் ஈரத் துடைப்பம் துடைத்து எறிந்தது அதைத்தான்.

இறக்கி வைத்த வெப்பத்தை எடுத்து மறுபடி உபயோகித்தால் என்ன? வாலையின் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய திருப்பம் இந்தக் கேள்வி. இதற்கு முழுமையாகப் பதில் செய்து காட்டியவர் தண்ணீர்க்காரர் அல்ல, சர்க்கரைக்காரர். நியூ ஆர்லியன்ஸில் 1806இல் பிறந்த நார்பெர்ட் ரில்லியூ. அப்பா வெள்ளைக்கார எஞ்சினியர், அம்மா அடிமைத்தளை இல்லாத கலப்பினப் பெண். பாரிஸில் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது, லூசியானா ஆலைகளில் அடிமைகள் வரிசையான திறந்த கொப்பரைகளில் கரும்புச்சாற்றைக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அகப்பையால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்து புண்பட்டவர்கள் அவர்கள். வெந்து வீணானது விறகு. ரில்லியூ கலங்களை மூடினார். முதல் கலத்தின் ஆவியையே இரண்டாம் கலத்துக்கு அடுப்பாக்கினார். இரண்டாம் கலத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், ஆக முதல் கலத்தின் ஆவி அதற்குப் போதும். அதன் ஆவி மூன்றாவதற்கு. 1843இல் காப்புரிமை. ஒரே தீ, மூன்று கொதி. அவருடைய தோலின் நிறத்துக்காக அந்த ஊரில் அவர் பட்டதும், கடைசியில் பாரிஸுக்கே திரும்பிப் போனதும் தனிக் கதை.

தண்ணீர் வடிப்பவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். 1850களில் அல்ஃபோன்ஸ் நார்மண்டியின் இரட்டைக் கொதி வாலைகள் கப்பல்களில் ஏறின. வடித்த நீர் சப்பென்று இருப்பதாக மாலுமிகள் முகம் சுளித்ததால் அதில் காற்றைக் கலந்து கொடுக்கவும் நார்மண்டி வழி வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ராபர்ட் கிளைன்ஷ்மிட் இன்னும் ஒரு படி போனார்: வந்த ஆவியை அழுத்தினால் அதன் சூடு ஏறும், ஏறிய சூட்டோடு அதே ஆவியை அதே பானையைக் கொதிக்கவைக்கத் திருப்பி அனுப்பலாம். நீர்மூழ்கிக் கப்பல்களில் அவர் வாலை வேலை செய்தது. நம் பங்கும் இதில் உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்த ஆலைக்கு அடுப்பே கிடையாது. சுமார் 28 டிகிரியில் இருக்கும் மேல்கடல் நீரை, காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் விட்டால் அது அந்த வெதுவெதுப்பிலேயே ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த கடல்நீர் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறது. மின்சாரம் பம்புகளுக்கும் வெற்றிடத்துக்கும் மட்டும். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். கிணற்றில் உப்பேறிய தீவு குடிப்பது வாலைத் தண்ணீர்.

இவ்வளவு தூரம் படித்து முன்னேறிய வாலை, சமையல் மேடைக்கு ஏறும்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. இதுதான் எனக்கு அதன்மேல் இருக்கும் மனக்குறை. மேடை வாலைக்கு ஒரே கொதி. பிளாக் கண்டுபிடித்த அந்த வெப்பம் முழுவதையும் ஃபேன் வாரிச் சமையலறையில் கொட்டுகிறது. ஈரத் துடைப்பத்தின் இடத்தில் ஃபேன், விறகின் இடத்தில் எலிமென்ட். கணக்கு இர்விங் காலத்துக் கணக்கு. நியாயமாகச் சொன்னால், நாலு லிட்டர் சாமானுக்குள் வெற்றிட பம்பும் ஆவி அழுத்தியும் வைத்தால் விலையும் எடையும் சத்தமும் வீட்டுக்கு ஒத்துவராது. தைவானிலும் சீனாவிலும் இதைச் செய்கிறவர்கள் அதனால்தான் சுருளும் ஃபேனும் போதும் என்று நின்றுவிட்டார்கள்.

ஒரு முறை ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். 750 வாட் மாடல், 1,200 டிடிஎஸ் இருக்கும் போர் தண்ணீர். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்தில்தான் தண்ணீரைவிட எளிதில் ஆவியாகும் சமாசாரங்கள் கிளம்புகின்றன. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் உண்டாகும் குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும். இவற்றை வெளியேவிடத்தான் மூடியில் சின்னத் துளை. மிச்சத்தைப் பிடிக்க மூக்கில் கரிப் பொட்டலம். எதையும் காய்ச்சி வடித்தால் சுத்தம் என்று நினைப்பவர்கள் இந்தத் துளையையும் பொட்டலத்தையும் பார்க்க வேண்டும். உப்புக்கு இறக்கை இல்லை, சில ரசாயனங்களுக்கு இருக்கிறது. கரிப் பொட்டலத்தை மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

கொதி வந்ததும் மூக்கில் முதல் சொட்டு. பிறகு மணிக்குச் சுமார் 1.2 லிட்டர். இதற்கு மேல் வேகப்படுத்த முடியாது, 750 வாட் அவ்வளவு ஆவியைத்தான் கிளப்பும். பாத்திரத்துக்குள் இதற்கிடையில் கடினநீரின் பைகார்பனேட் உடைகிறது. அதிலிருந்து சுண்ணாம்பு வெள்ளையாகச் சுவரில் ஒட்டுகிறது, கரியமில வாயு ஆவியோடு கிளம்பிவிடுகிறது. அதில் கொஞ்சம் வடிநீரில் கரைகிறது. ஜாரைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்தும் கரைகிறது. சுத்தமான வடிநீரின் பிஎச் ஏழு இல்லாமல் ஐந்தரையை ஒட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் குறையக் குறைய அடியில் உப்பு அடர்ந்து, கடைசி அரை லிட்டர் கலங்கி மஞ்சளாகி ஒரு வாடை அடிக்கும். பல மாடல்கள் அடிப்பிடித்த பிறகே வெப்பத் தடுப்பு தட்டி நிற்கும். அந்தக் கடைசி அரை லிட்டரை வடிக்காமல் கொட்டிவிடுவதே நல்லது. வடிநீரில் வாடை ஏறுவதும், அடியில் கல்லாக இறுகுவதும் பெரும்பாலும் அங்கேதான். முழுதாக வற்றவிட்டால் மிஞ்சுவது நாலைந்து கிராம் உப்பு, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. இதைப் பிரிக்க மூன்று யூனிட் மின்சாரம் போயிருக்கும்.

மூன்று யூனிட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் முடிகிறது. சித்திரை மாதத்துச் சமையலறையில் நாலு மணி நேரம் ஹீட்டர் போட்டதற்குச் சமம். ஏசி ஓடும் அறையில் வைத்தால், இந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசிக்கு இன்னொரு செலவு. ஆகவே பால்கனி, இல்லாவிட்டால் ஜன்னலோரம், அதுவும் ராத்திரியில். கடல்நீரை ஆர்ஓவில் சுத்தம் செய்யும் பெரிய ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கே மூன்று நாலு யூனிட்தான் ஆகிறது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்தத் தண்ணீர் யாருக்கு? ஜாரிலிருந்து அது போகிற இடங்களைப் பார்த்தால் தெரியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போகிறது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போவதால் ஆறு செல்லிலும் மட்டம் இறங்கும். அங்கே குழாய்த் தண்ணீரை விட்டால் அதன் இரும்பும் குளோரைடும் தகடுகளைத் தின்னும். பேட்டரித் தண்ணீருக்கென்றே ஐஎஸ் 1069 என்ற இந்தியத் தர அளவு இருப்பது அதனால்தான். ஆனால் பேட்டரிக்கு மட்டும் வாலை வாங்குவது அனாவசியம். கடையில் கேனாகக் கிடைக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் என்று நாம் கேட்டு வாங்கும் பல கேன்களில் இருப்பது வடித்த நீர்கூட அல்ல, பிசின் மணிகள் வழியாக உப்பெடுத்த டிஎம் வாட்டர். பேட்டரிக்கு அது போதும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் போதாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும்.

கருவிகளை ஆவியில் கிருமி நீக்கும் பல் மருத்துவரின் ஆட்டோகிளேவ் வேறு விஷயம். தினமும் ஓடும், தினமும் தண்ணீர் கேட்கும், உப்பு படிந்தால் வால்வு அடைத்து வேலை நிற்கும். இந்த வாலைகள் பல கிளினிக்குகளில் உழைக்கக் காரணம் அதுவே. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் ராத்திரி மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவியின் ஈரப்பதத் தொட்டியும் அப்படித்தான். ராத்திரிக்கு ராத்திரி புதிதாக நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டால் தொட்டியின் அடியில் வெள்ளைத் தோல் படியும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் புறநகர் வீட்டில் அப்படி ஒரு நோயாளி இருந்தால், மேடையில் ஒரு வாலை இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

குடிக்க? வாங்குபவர்களில் பலர் அதற்குத்தான் வாங்குகிறார்கள். குடித்தால் கெடுதல் என்று மிரட்டுவதும், சர்வரோக நிவாரணி என்று விற்பதும் இரண்டுமே பொடி வியாபாரம்தான். தாது நீங்கிய நீரை நெடுங்காலம் குடிப்பதில் மக்னீசியம், கால்சியம் குறைவு பற்றிய கவலையை 2005இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பொன்றில் செக் நாட்டு ஆய்வாளர் பிரான்டிசெக் கோஜிசெக் விரிவாக எழுதியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குத் தாதுக்களில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்தே வருகிறது. எனக்கு அதைவிடச் சின்னக் காரணம் போதும்: ருசி இல்லை. நார்மண்டியின் மாலுமிகள் சொன்ன அதே சப்பு. ஒரு குடும்பத்துக்குத் தினம் எட்டு லிட்டர் என்றால் ஆறு யூனிட், எட்டு மணி நேரம், ஒரு சமையலறைச் சூடு. இந்திய அளவுகோல் குடிநீருக்கு 500 டிடிஎஸ் வரை நல்லது என்கிறது. அதைச் சுழியமாக்க இவ்வளவு சிரமம் தேவையில்லை. ஆர்ஓ கழித்துக் கொட்டும் தண்ணீரை நினைத்து வருந்துபவர்கள் வாலையில் தண்ணீர் வீணாவதில்லை என்பார்கள். அது சரிதான், அந்த வீண் மின்சாரக் கணக்கில் வருகிறது.

இந்தச் சாமானின் ஆயுள் சுண்ணாம்பின் கையில். படிவு தடித்தால் எலிமென்ட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அடியிலேயே தேங்கும். அதனால் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பு ஒரு மேசைக்கரண்டி, மூழ்கத் தண்ணீர், மூடி இல்லாமல் கொஞ்சம் சூடு. நுரைத்துப் பொங்கிப் படிவு கழன்று வரும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, அடுத்த படிவு கீறலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பாத்திரமும் சுருளும் எவர்சில்வர் என்பதால் அவை லேசில் போகாது. முதலில் போவது ஃபேன். நாலு மணி நேரமும் ஆவிச் சூட்டின் நடுவே சுற்றுவது அதுதான். ஃபேன் தளர்ந்தால் பெரிய சத்தம் எதுவும் வராது. மூக்கில் சொட்டுக்குப் பதில் ஆவி வரும், ஜார் வழக்கத்தைவிடக் குறைவாக நிறையும், மூடித் துளை புகையும். வாங்கும்போது எத்தனை வாட், என்ன நிறம் என்று கேட்பதோடு, அந்த ஃபேனும் கரிப் பொட்டலமும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தால், பிளக்கைச் செருகுவதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.